நாய்க்கடுகு கடுகுக் குடும்பமா?

குடியாத்தம் பக்கமிருந்து ஒரு அக்கா இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். "வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் மழை பெய்ததும் தானாக முளைக்கிறது. மஞ்சள் பூ, நாலு இதழ், நீளக் காய், உள்ளே கடுகு மாதிரி விதை. நாய்க்கடுகு என்கிறோம். இது கடுகுக் குடும்பம்தானே?" என்று கேட்கிறார்.

இல்லை அக்கா. ஆனால் நெருங்கிய சொந்தம்.

நாலு இதழை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூவுக்குள் மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். கடுகுப் பூவில் ஆறு இருக்கும். நாலு நெட்டை, இரண்டு குட்டை. முதல் படத்தில் இருக்கும் பூவில் பத்துக்கு மேல் இருக்கின்றன. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதன் உறவுக்காரச் செடியான நல்வேளைக்கும் ஆறுதான், ஆனால் அவை ஏறக்குறைய ஒரே நீளம். அதனால் காயையும் பிளந்து பாருங்கள். கடுகுக் காயின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று சுவர் மாதிரி நிற்கும், விதைகள் அதன் இருபுறமும் இருக்கும். நாய்க்கடுகில் அந்தச் சுவர் கிடையாது. காயைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த 'கிளியோமி விஸ்கோசா' என்ற பெயரில் விஸ்கோசா என்பது அந்தப் பிசுபிசுப்புதான். இலையும் விரல் விரித்த மாதிரி மூன்று, ஐந்து சிற்றிலையாக இருக்கும்.

துளசிக்கு நாய்த்துளசி போல, கடுகின் சாயல்தான், கடுகு இல்லை என்று ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

பழைய தாவரவியல் புத்தகங்களில் இதை ஆதண்டை, மாவிலங்கத்தோடு சேர்த்திருப்பார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது, ஆதண்டையைவிடக் கடுகுக்குத்தான் இது நெருக்கம் என்று தெரிந்தது. பூக்கும் செடிகளை மரபணு உறவை வைத்துக் குடும்பம் பிரிக்கும் ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு 2009-இல் வெளியிட்ட மூன்றாம் வகைப்பாட்டில் இது கிளியோமேசி என்று தனிக் குடும்பமாக நிற்கிறது. கடுகும் இதுவும் பிராசிகேல்ஸ் என்ற ஒரே வரிசை, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு. நம் முருங்கையும் பப்பாளியும்கூட அதே வரிசைதான். பப்பாளி விதையைக் கடித்துப் பாருங்கள், கடுகுக் காரம் தெரியும்.

சரி, இரண்டாவது படம். முள் இலை, உடைத்தால் மஞ்சள் பால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிரமதண்டு, குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். கடுகுக்குச் சொந்தமே இல்லை, கசகசா குடும்பம். விதை மட்டும் அச்சு அசல் கடுகு போல இருக்கும், ஆனால் நஞ்சு. 1998-இல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் பறித்து வந்தாலும் அந்த விதையை அஞ்சறைப் பெட்டி பக்கம் விடாதீர்கள் அக்கா.