எந்தக் கட்சியும் பிடிக்காதவர் வாக்களிக்க வேண்டுமா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, மழைக்கு ஒழுகும் கூரையின் கீழும் ஒரு புத்தகம் நனையாமல் இந்நூலகத்தைக் கட்டிக்காத்து வரும் நூலகர் அவர்களே, வேலை முடித்த கையோடு வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, அண்மையில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயா அவர்களிடம் இலக்கணம் படித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அவர் முன்னிலையில் பேசும்போது ஒற்றுப் பிழைகூட வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை வரி வரியாக, தாமே எழுந்து நின்று வாசித்தவர். குறுக்குக் கேள்வி கேட்டவரிடம் முகம் சுளிக்காமல் இரசீதை எடுத்துக் காட்டியவர். அவருடைய கட்சிச் சார்பு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் ஏற்பட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

இன்றைய தலைப்பை அளித்தவர் ஒரு கல்லூரி மாணவி. “எனக்கு எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களில் ஒருவருக்கு வாக்களிப்பது என் மனச்சான்றுக்கு எதிரானது. நான் ஏன் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும்?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நேர்மையான கேள்வி. இதற்கு மூன்று பகுதிகளாக விடை சொல்ல எண்ணியிருக்கிறேன்: வாக்களிக்காமல் இருப்பதால் என்ன நேர்கிறது, ‘நோட்டா’வுக்கு என்ன வலிமை உண்டு, தேர்தல் இல்லாத மற்ற நாட்களில் என்ன செய்வது என்பவை அவை.

என் பாட்டனார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: உடையவன் பாராப் பயிர் உருப்படாது. வாக்குரிமை பற்றி நான் படித்த நூல்களெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு வரிக்கு ஈடாகவில்லை என்பது என் துணிபு.

முதலில், ஒதுங்கியிருப்பது பற்றி. 1920-இல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் நடந்தபோது, ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாகக் காங்கிரசு அதைப் புறக்கணித்தது. அந்த மறுப்புக்கு உயர்ந்த காரணம் இருந்தது. ஆனால் சட்டமன்ற இருக்கைகள் காலியாகக் கிடக்கவில்லை. நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. அந்த அமைச்சரவை செய்த நன்மைகளையும் அதன்மீது வந்த குறைகளையும் பற்றிப் பேச இது இடமன்று. நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததைத்தான். 1923-இல் சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் சுயராச்சியக் கட்சியைத் தொடங்கி, புறக்கணித்த அதே சட்டமன்றங்களுக்குள் நுழையத் தேர்தலில் நின்றார்கள். நாடு தழுவிய இயக்கம் ஒன்றே, பெருந்தலைவர்களின் வழிகாட்டலோடு ஒதுங்கியிருந்தும், மூன்றாண்டுக்குள் உள்ளே போய்ப் பேச வேண்டும் என்ற முடிவுக்கு அதன் ஒரு பகுதியினர் வந்தார்கள் என்றால், தனியொருவர் வீட்டில் அமர்ந்திருப்பதால் யார் அசையப் போகிறார்கள்?

ஊர் கூடி முடிவெடுத்துப் புறக்கணிப்பது வேறு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2024 மக்களவைத் தேர்தலை ஏகனாபுரம் மக்கள் புறக்கணித்தபோது, ஏறத்தாழ வெறுமையாகக் கிடந்த அந்தப் பெட்டியே ஒரு விண்ணப்பமாக இருந்தது. அவர்களும் முதலில் கிராம சபையில் தீர்மானம் போட்டவர்கள்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, ‘நோட்டா’. இளைஞர்கள் இதை எந்திரத்தின் கடைசிப் பொத்தானாக மட்டுமே அறிவீர்கள். அதற்கு முன் இருந்தது 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ: யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யும் விதி. ஆசிரியராக இருந்த காரணத்தால் தேர்தல் பணி எனக்கும் வந்ததுண்டு. 2011 சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்குப்பதிவு அலுவலராக அமர்ந்திருந்த சாவடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நண்பகல் நேரம். வரிசை வெளியே வேப்பமரம் வரை நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தறி வேலை செய்பவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது, பதிவேட்டில் கையெழுத்திட்டு விரலில் மையும் வைத்துக்கொண்டார். எந்திரத்தின் பக்கம் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. “ஐயா, எனக்கு யாருக்கும் போட விருப்பம் இல்லைங்க. 49-ஓ-வில் எழுதிக்குங்க” என்றார், மெல்லிய குரலில்தான். ஆனால் அந்த அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி உடனே வந்துவிட்டது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பட்டியலில் கோடு கிழித்துக்கொண்டிருந்த கட்சி முகவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர், “ஏண்ணே, இங்க வந்து இப்படிச் சொல்றீங்க, நம்ம பிள்ளைக்கு ஒண்ணு அமுக்கிட்டுப் போங்கண்ணே” என்றார். எதிர்க்கட்சி முகவர் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் அவருடைய வரிசை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தலைமை அலுவலர் அதுவரை அந்த விதியைப் பயன்படுத்த நேர்ந்ததில்லை என்பதால் கையேட்டைப் புரட்டினார். வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே என்ன தாமதம் என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்த மனிதர் மட்டும் மை காய விரலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். கடைசியில் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறிப்பெழுதி, மறுபடியும் ஒரு கையெழுத்து வாங்கினோம். அவர் எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார். மாலையில் தேநீர் வாங்கப் போன உதவியாளர் திரும்பி வந்து, இன்னார் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்ற செய்தி அந்தத் தெரு முழுதும் பரவிவிட்டது என்று சொன்னார்.

எண்ணிப் பாருங்கள்: யாருக்கு வாக்களித்தார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று காக்கும் சட்டம், யாருக்கும் வாக்களிக்கவில்லை என்பவரை மட்டும் ஊரறியச் செய்தது. இந்தக் குறையை எடுத்துச் சொல்லித்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 செப்டம்பர் 27 அன்று, ஈரோட்டு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, எந்திரத்திலேயே அதற்கொரு பொத்தான் வைக்க ஆணையிட்டது. மறுப்பு பெருகுவதைக் காணும் கட்சிகள் நல்லவர்களை நிறுத்த நிர்ப்பந்திக்கப்படும் என்பது அத்தீர்ப்பின் நம்பிக்கை. தமிழ்நாட்டில் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் அப்பொத்தான் முதன்முதலாக வந்தது.

நம்பிக்கை பலித்ததா? 2024-இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் ‘நோட்டா’ 2 இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்று இரண்டாம் இடத்தில் நின்றது. வென்றவர் வென்றவராகவே மக்களவைக்குப் போனார். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் ‘நோட்டா’வே முதலிடம் பெற்றாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளரே வெற்றி பெற்றவர். வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்கான கணக்கில்கூட அவ்வாக்குகள் சேர்வதில்லை. ஆக, அது மறையாத மறுப்பு. அவ்வளவுதான் அதன் வலிமை. இருந்தாலும், வீட்டில் உறங்கியவரையும் வெறுத்து ஒதுங்கியவரையும் பிரித்துக் காட்டும் கருவி அது ஒன்றே என்பதால், அந்த மாணவிக்கு என் விடை இதுதான்: போங்கள். 2016-இல் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு, காட்டுமன்னார்கோயிலில் 87. ஒரு தெருவின் வாக்காளர்களே அதைவிட அதிகம். வேட்பாளர்களில் ஒருவரேனும் ஓரளவு தகுதியுடையவர் என்று பட்டால் அவருக்கு அளியுங்கள். ஒருவரும் இல்லையென்றால் கடைசிப் பொத்தானை அழுத்துங்கள். வேட்பாளரின் சொத்தும் வழக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் இருக்கின்றன. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம்.

ஆனால் வாக்குச்சீட்டு ஒன்றையே நம்பி எதிர்ப்பைக் காட்டுவோர்க்கு 1996 மொடக்குறிச்சித் தேர்தல் ஒரு பாடம். உழவர்கள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று சினந்து கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குப்பதிவைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியிருந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. எண்ணி முடித்தபோது 88 பேருக்கு ஒரு வாக்கும் இல்லை. அதாவது, அவர்கள் தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்ளவில்லை. நின்றதே வெல்வதற்காக அன்று, கேட்கப்படுவதற்காக. அதன் பின் நடந்தது என்ன? சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கட்சி சாராதவரை முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும் என்று விதி வந்தது. உழவரின் குறைக்கு வந்த விடையை விட, இனி இப்படி நிற்காதீர்கள் என்ற விடையே விரைவாக வந்தது. உடையவன் ஐந்தாண்டுக்கு ஒருநாள் மட்டும் வயலுக்குப் போய் எவ்வளவு உரக்கக் கூவினாலும் பயிர் பிழைக்காது.

அப்படியானால், மூன்றாவதாக, மற்ற நாட்களில் எங்கே போவது? நான் பல ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லி வருவதையே இங்கும் சொல்கிறேன்: கிராம சபைக்குப் போங்கள். ‘நோட்டா’ தீர்ப்பு வந்த அதே 2013-இல், ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே ஆராயட்டும் என்றது அது. கூட்டப்பட்ட 12 சபைகளும் ஒன்றுபோல மறுத்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடுவண் அரசும் அனுமதி மறுத்தது. வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது என்பது உண்மை. எல்லா ஊர்களுக்கும் அந்தச் சட்டம் கிடையாது. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத டோங்கிரியா கோந்து பழங்குடி மூதாட்டிகள் பேசிய பேச்சு மலையைக் காத்தது. அதே நாட்டில் 2 இலட்சம் பேர் அழுத்திய பொத்தான் ஓர் இருக்கையையும் அசைக்கவில்லை.

கட்சிகள் பிடிக்கவில்லை என்போருக்கு மற்றொரு செய்தி. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. கட்சிக்காரர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்பீர்கள், நிற்கட்டும். முன்னால் நிற்பவர் நம் தெருக்காரர். அவர் குளத்தை வெட்டியவரா, விற்றவரா என்பது நமக்குத் தெரியும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தகச் சோழன் காலத்திலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர் என்று வெட்டி வைத்தார்கள். அம்மையார் எழுந்து நின்று கணக்கு வாசித்ததை நான் தொடக்கத்திலேயே குறிப்பிட்டது இதனால்தான்.

அந்த வாய்ப்புத்தான் இன்று நமக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. அரசமைப்பின் 243-உ பிரிவு, ஊராட்சியின் ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் வந்தது. அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளினால் தலைப்புச் செய்தியாகும் நாட்டில், ஊராட்சித் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளினாலும் தேநீர்க் கடையில்கூட யாரும் பேசுவதில்லை. எல்லாக் கட்சிகளும் இதில் ஒத்த அக்கறையின்மை காட்டுகின்றன. கட்சிகள் பிடிக்காத இளைஞர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று அழுத்திச் சொல்கிறேன். உடையவன் பாராப் பயிர் உருப்படாது.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள். நம் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருவது பெரும்பாலும் நூறுநாள் வேலைக்குப் போகும் தாய்மார்களே. அவர்களுக்கு என் வணக்கம். படித்தவர்கள் தேசியக் கொடியேற்றத்தோடு வீடு திரும்பிவிடுகிறோம். தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்துக் கேட்டால், எழுதி முடித்து வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த மாணவி அந்த ஒருவராக இருப்பார் என்று நம்புகிறேன்.

வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் ஊராட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானத்தை முன்மொழிய இருக்கிறோம். அதன் வரைவும் விண்ணப்பமும் நூலகர் மேசைமீது உள்ளன. படித்துப் பார்த்து, உடன்பாடு இருந்தால் வாக்காளர் அட்டை எண்ணோடு கையெழுத்திடுங்கள்; திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு படி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் பதிவு அஞ்சலில் செல்லும். பேச வாய்ப்பளித்த தலைவர் ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் நன்றி. வணக்கம்.