துறைமுகத்துக் கப்பல்களை பிரவுசருக்குக் கொண்டு வருவோம்

வணக்கம் நேயர்களே. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்கள், தாங்கள் யார், எங்கே நிற்கிறோம், என்ன வேகத்தில் போகிறோம் என்பதை ஏஐஎஸ் என்ற முறையில் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். உவர்மலைப் பக்கம் உயரமான வீட்டு மாடியில் ஒரு அன்ரனா, யுஎஸ்பியில் செருகுகிற சின்ன ரிசீவர், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, இவ்வளவும் இருந்தால் அதைப் பிடிக்கலாம். நம்முடைய பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

ரிசீவர் மென்பொருள் அந்தத் தகவலை ரிசிபி என்ற வலையமைப்பு இணைப்பு முறையில் 10110ஆம் போர்ட்டில், அதாவது 10110 என்ற எண் போட்ட வாசலில், வரி வரியாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரவுசரில் ஓடுகிற வலைப்பக்கத்தால் ரிசிபியை நேரே தொட முடியாது, அதற்குத் தெரிந்தது, இணைப்பைத் திறந்தே வைத்து இரு பக்கமும் பேசுகிற, 2011இல் தரமாக்கப்பட்ட வெப்சொக்கெட் தான், ஆகவே நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு புரொக்சி வேண்டும். வெப்சொக்கிஃபை என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பேனை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: வெப்சொக்கிஃபை, இடைவெளி, 8080, இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 10110. அவ்வளவுதான், ஓடத் தொடங்கிவிடும், பிரவுசர் 8080இல் வந்து பேசும்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. தகவல் பைனரியாக, அதாவது வெறும் பைட்டுகளாக வரும், அதை எழுத்தாக மாற்ற வேண்டும். அப்புறம், ரிசிபிக்கு வரி என்ற கணக்கே கிடையாது, ஒரு வரி பாதியில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக வரலாம், வரி முடிகிற குறி வரும்வரை சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பக்கம் எச்ரிரிபிஎஸ் என்றால் டபிள்யூஎஸ்எஸ், அதாவது மறைகுறியாக்கிய வெப்சொக்கெட், கட்டாயம். அதற்காக வெப்சொக்கிஃபைக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளை வைப்பார்கள். வெப்சொக்கெட்டுக்கு மாறக் கேட்டு பிரவுசர் அனுப்புகிற அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களையும், அதாவது தலைப்புக் குறிப்புகளையும், அது தானாகக் கடத்தாது, நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால், மாறியாயிற்று என்று சொல்கிற 101 என்ற பதில் வரும்.

அதிகம் குழப்புகிற விஷயம் இனித்தான். பகலில் நன்றாக ஓடும், கப்பல்கள் ஓடாமல் நங்கூரம் போட்டு நிற்கிற இரவில் இணைப்பு அறுந்து அறுந்து போகும். ஓடுகிற கப்பல் சில விநாடிக்கொரு தடவை இடம் சொல்லும், நங்கூரம் போட்ட கப்பலோ 3 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சொல்லும். என்ஜின்எக்ஸோ, பின்னால் இருக்கிற வெப்சொக்கிஃபையிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடிவிடும். பலர் ரிசீவரையும் அன்ரனாவையும் கழற்றிப் பார்ப்பார்கள், அதில் ஒரு பிழையும் இருக்காது. வெப்சொக்கிஃபையில் ஹார்ட்பீட் என்ற தெரிவை 30 என்று கொடுங்கள், அது 30 விநாடிக்கொரு பிங், அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டும் சிறு செய்தி, அனுப்பும், இணைப்பு அறாமல் நிலைக்கும்.

8080ஐ வெளி இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், அது 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும் கேட்கட்டும். வேறொரு தளத்தின் பக்கம் உங்கள் வெப்சொக்கெட்டைத் திறக்க முயன்றால் பிரவுசர் தானாகத் தடுக்காது, எனவே எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்கிற ஒரிஜின் ஹெடரைப் பார்த்து உங்கள் பக்கத்தை மட்டும் உள்ளே விடும்படி என்ஜின்எக்ஸிலேயே எழுதி வையுங்கள்.