ராத்திரி மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கடையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் அம்மாவுக்கு வயது 51. நான் எழுதிக்கொடுத்த சீட்டைக் கடையில் நீட்டியிருக்கிறார். கடைத் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "மருமகளுக்கா அம்மா? எத்தனையாவது மாசம்?" என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் நிற்கிற இடம். அந்த அம்மா மாத்திரை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

தம்பியையும் குறை சொல்ல முடியாது. சீட்டில் நான் எழுதியிருந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கேப்ஸ்யூல் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் விற்பது கர்ப்பம் தங்குவதற்காகத்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கும் அதே மருந்தைக் கொடுக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதன்பிறகு உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்துக் கொட்டுவது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருவது, இதற்கெல்லாம் கேட்கிற மருந்து ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோன். கையில் தடவும் ஜெல்லாகவும் வரும், மாத்திரையாகவும் வரும். சில வாரங்களிலேயே அதன் சுகம் தெரிந்துவிடும். ஆனால் அது கருப்பையின் உள்சவ்வையும் வளர்த்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஈஸ்ட்ரோஜெனைத் தனியாகவே கொடுத்துவந்தார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது என்று 1975-ல் ஆய்வுகள் வெளிவந்தன. அந்தச் சவ்வு தடிக்காமல் காவல் நிற்பதுதான் புரோஜெஸ்டிரோன். கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சுகம் தருவது ஒரு மருந்து, தொந்தரவு தருவது இன்னொன்று. எதை நிறுத்தத் தோன்றும்?

ஒரு பள்ளி ஆசிரியை அப்படித்தான் செய்தார். ஜெல்லும், மாதத்தில் 12 நாள் ராத்திரி 200 மில்லிகிராம் கேப்ஸ்யூலும் எழுதியிருந்தேன். இரண்டாவது மாதமே கேப்ஸ்யூலை விட்டுவிட்டார். ஜெல்லை விடவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து உதிரம் கொட்ட ஆரம்பித்து வந்தார். ஸ்கேனில் சவ்வு தடித்திருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை, நல்லவேளை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "காலையில முதல் பீரியட்ல போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு டாக்டர். குடிகாரி மாதிரி தள்ளாடுது" என்றார். தப்பு என்னுடையது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நான் சரியாகச் சொல்லவில்லை. வெளியே கூட்டம், மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

அவர் எட்டு மணிக்குச் சாப்பிட்ட கையோடு கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு, பதினோரு மணிவரை விடைத்தாள் திருத்தியிருக்கிறார். புரோஜெஸ்டிரோன் ஈரலில் சிதையும்போது ஒரு பொருள் உண்டாகிறது. மூளையில் தூக்க மாத்திரைகள் வேலை செய்கிற அதே வழியில் அதுவும் வேலை செய்யும். வயிறு நிறைய சாப்பிட்டதும் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவும் கூடும், மயக்கமும் கூடும். அதனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். பாயை விரித்து, விளக்கை அணைக்கப்போகிற நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். இந்த மயக்கமே சிலருக்கு வரமாகவும் ஆகிவிடுகிறது. வருஷக்கணக்காகத் தூங்காதவர்கள் "நல்லா தூங்கினேன்" என்று வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது வயிறு. சாயங்காலமானால் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்லும் உப்புசம், கூடவே மலச்சிக்கல். புரோஜெஸ்டிரோன் குடலின் தசையைத் தளர்த்திவிடுவதால் வருவது இது. தண்ணீர், கீரை, சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் நடை. ஊறுகாயும் அப்பளமும் அந்த நாட்களில் குறையட்டும். மார்பு கனத்து வலிப்பதும் உண்டு. பெரும்பாலும் இவையெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும்.

அடங்காமல் போவதும், ஆட்கள் வாய்விட்டுச் சொல்லாததும் மனசுதான். எதற்கென்று தெரியாத அழுகை, குழம்பில் உப்புக் கூடியதற்குப் பாத்திரத்தைத் தூக்கி எறிகிற கோபம். தூக்கம் தருகிற அதே பொருள் சில பெண்களிடம் நேர்மாறாக வேலை செய்கிறது. இளவயதில் மாதவிடாய்க்கு முன் மனசு கலங்கியவர்கள், பிரசவத்துக்குப் பின் சோர்ந்து கிடந்தவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் மூன்று மாதமெல்லாம் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வழி ஒன்றல்ல, பல இருக்கிறது. மாதத்தில் 12 நாள் 200 என்பதற்குப் பதில் தினமும் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்க்கலாம். அதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொல்வோம், ஈரலைத் தாண்டாமல் போவதால் மயக்கம் குறையும். டைட்ரோஜெஸ்டிரோன் என்று வேறு மாத்திரை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்கிற லெவோநார்ஜெஸ்டிரல் என்ற மருந்தைச் சுரக்கும் 52 மில்லிகிராம் வளையத்தைக் கருப்பைக்குள் வைத்துவிட்டால் காவல் வேலையை அதுவே அங்கேயே பார்த்துக்கொள்ளும். அந்த ஆசிரியை கடைசியில் இதற்குத்தான் வந்தார். இவற்றில் எது யாருக்கு என்பதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

வள்ளிக்கிழங்கு க்ரீம் தடவினால் போதும் என்று போனில் வருகிற விளம்பரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் தயாரித்தது உண்மை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை. கிழங்கைத் தடவினால் நம் உடம்பு அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றாது.

ஆக, கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளவில்லையா, நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றுகிறதா, டாக்டரைப் பார்க்கும்வரை ஈஸ்ட்ரோஜெனையும் சேர்த்து நிறுத்துங்கள். காவல்காரரை மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

உதிரம் பற்றி ஒரு வார்த்தை. 12 நாள் முறையில் கேப்ஸ்யூல் முடிகிற சமயத்தில் மாதவிடாய் போல வருவது இயல்பு. தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் அங்கங்கே திட்டுத்திட்டாகப் படலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டாலோ, நின்றது திரும்ப வந்தாலோ, கொட்டினாலோ, ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், நேரே ஆஸ்பத்திரிக்கு.

தினசரி காலண்டர் தாளில் எந்தத் தேதியில் எது வந்தது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். மயக்கத்துக்கு ம, உப்புசத்துக்கு உ, கோபத்துக்கு கோ. ஓர் அம்மா கொண்டுவந்த தாள்களில் கேப்ஸ்யூல் நாட்களைவிட மாமியார் வந்திருந்த நாட்களில்தான் 'கோ' அதிகம் இருந்தது. அந்த மருந்தை நான் மாற்றவில்லை.

வரும்போது காலி மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். பெயர் மறந்துபோகும், "மஞ்சள் கலர் உருண்டை" என்றால் எனக்கும் தெரியாது. வணக்கம்.