கண்ணாடிச் சாமான் பளிச்சுனு ஆகணுமா? தேய்க்காதீங்க, ஊற வைங்க | பவுடர் கிளீனிங் முழு விவரம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு கேமராவ ஜன்னல் ஓரமா வச்சிருக்கேன், வெளிச்சம் வேணும். இந்த ரெண்டு டம்ளரையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கிறேன், பாருங்க. ரெண்டுமே கழுவினது தான். ரெண்டும் வெள்ளை பூத்த மாதிரி மங்கலா இருக்கு. இதுல ஒண்ணு கொஞ்ச நேரத்துல பளிச்சுனு ஆகிடும். இன்னொண்ணு என்ன பவுடர் போட்டாலும் ஆகாது. எதுன்னு சும்மா பார்த்துச் சொல்ல முடியாது, சோதிச்சுத் தான் பார்க்கணும்.

இந்தக் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் பவுடர் போட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக் கரைச்சிருக்கேன். ஒரு பஞ்சுல நனைச்சு முதல் டம்ளர் மேல ஒரே ஒரு இடத்துல ஒட்டி வைக்கிறேன். ரெண்டாவது டம்ளர்லயும் அதே மாதிரி. அஞ்சு நிமிஷம் அப்படியே விட்டுடலாம், அதுவரைக்கும் பேசிட்டு இருப்போம்.

சுத்தம் பண்ற பவுடர்னு கடையில எத்தனையோ பேர்ல விக்கறாங்க. டப்பா மேல என்ன படம் இருந்தாலும், உள்ள இருக்கறது பெரும்பாலும் சில வகைக்குள்ள அடங்கிடும். ஒண்ணு அமிலம், சிட்ரிக் ஆசிட் மாதிரி. இன்னொண்ணு காரம், அதாவது பேக்கிங் சோடா, வாஷிங் சோடா. அப்புறம் ஆக்சிஜனை விட்டு கறையோட நிறத்தை எடுக்கறது, அது சோடியம் பெர்கார்பனேட். நுரைக்கிற டிடர்ஜென்ட் சேர்ந்தது ஒரு வகை. நறநறன்னு இருக்கற தேய்க்கிற பவுடர் ஒரு வகை. இவ்வளவு தான். நம்ம கேக்க வேண்டிய கேள்வி "எந்த பிராண்ட் நல்லது"ங்கறது இல்ல. "என் சாமான்ல ஒட்டியிருக்கறது என்ன"ங்கறது தான். உப்புப் படிவுக்கு சோடா போட்டா ஒண்ணுமே நடக்காது. எண்ணெய்க்கு சிட்ரிக் ஆசிட் போட்டாலும் அதே கதை தான். கை வலிக்கத் தேய்ச்சிட்டு "இந்தப் பவுடர் சரியில்ல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் தப்பான கறைக்குத் தப்பான பவுடரைப் போட்டவங்க தான்.

சரி, டம்ளரைப் பார்க்கலாம். பஞ்சை எடுக்கறேன். தண்ணில காட்டித் துடைக்கிறேன். இங்க பாருங்க, கிட்ட கொண்டு வரேன். பஞ்சு இருந்த இடத்துல மட்டும் ஒரு வட்டம் தெளிஞ்சிருக்கு. சுத்திலும் மங்கல், நடுவுல தெளிவு. அப்படின்னா இது உப்புத் தண்ணியால வந்த படிவு, கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கரைஞ்சு போச்சு. இந்த டம்ளரை மொத்தமா அந்தக் கரைசல்ல முக்கி வச்சா முடிஞ்சது வேலை.

இப்ப ரெண்டாவது. எந்த மாற்றமும் இல்ல. வட்டம் தெரியல. இது மேல ஒட்டின அழுக்கே கிடையாது. கண்ணாடியோட மேல் பரப்பே அரிச்சுப் போயிருக்கு. காரம் அதிகமா இருக்கற பவுடர், நல்ல சூடான தண்ணி, நீண்ட நேரம், இந்த மூணும் சேர்ந்து திரும்பத் திரும்ப நடந்தா கண்ணாடில இருக்கற சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா கரையும். டிஷ்வாஷர்ல, அதுவும் உப்பு குறைவான மென்மையான தண்ணில, பவுடரையும் தேவைக்கு மேல போட்டுக் கழுவினா இது சீக்கிரம் வரும். வந்தா திரும்பாது. இதைத் தேய்ச்சு உங்க நேரத்தை வீணாக்காதீங்க. மிச்சம் இருக்கற நல்ல டம்ளர்களைக் காப்பாத்துங்க. பவுடர் அளவைக் குறைங்க, மெல்லிசான கிளாஸையும் தங்க விளிம்பு வச்சதையும் கையால கழுவுங்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பவுடர். சோடியம் பெர்கார்பனேட். "ஆக்சிஜன் ப்ளீச்"னு போட்டு விக்கற பாக்கெட்கள்ல முக்கியமா இருக்கறது இது தான். வெள்ளையா, குருணை குருணையா இருக்கும். தண்ணில போட்டதும் ரெண்டாப் பிரியும். ஒரு பக்கம் வாஷிங் சோடா, இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் பெராக்சைடு. எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பெராக்சைடு தான். அது கறையோட நிறத்தை உடைச்சிட்டு, கடைசில தண்ணியாவும் ஆக்சிஜனாவும் போயிடும். குளோரின் வாடை இல்ல. டீக்கறை, காபிக்கறைக்கு இதை மிஞ்சி ஒண்ணு நான் பார்த்தது இல்ல.

இந்த ஃப்ளாஸ்க் உள்ள பாருங்க, டார்ச் அடிக்கிறேன். கழுத்துக்குக் கீழ பழுப்பு வளையம், அடில இன்னும் கருப்பா. கை உள்ள போகாது. பிரஷ் போட்டா உள்ள இருக்கற கண்ணாடில கீறல் விழலாம். அதனால தேய்க்கவே போறது இல்ல. ஒரு லிட்டர் பிடிக்கிற ஃப்ளாஸ்க், ஒரு டேபிள் ஸ்பூன் பவுடர். தண்ணி நல்ல சூடா இருக்கணும், ஆனா தளதளன்னு கொதிக்க வேண்டாம். 40-ல இருந்து 60 டிகிரி இருந்தா இந்தப் பவுடர் நல்லா வேலை செய்யும். பச்சைத் தண்ணில போட்டா ரொம்ப மெதுவா நடக்கும். கொதிக்கிற தண்ணில போட்டா ஆக்சிஜன் முழுக்க ஒரே மூச்சுல பொங்கிப் போயிடும், கறைகிட்ட வேலை செய்ய மிச்சம் இருக்காது.

பவுடர் போட்டாச்சு, தண்ணி ஊத்தறேன். சத்தம் கேக்குதா? மைக்கைக் கிட்ட வைக்கிறேன். சின்னதா ஒரு இரைச்சல். இப்ப ரொம்ப முக்கியமான விஷயம்: மூடிய மூடாதீங்க. உள்ள ஆக்சிஜன் வந்துட்டே இருக்கும். இறுக்கி மூடினா அழுத்தம் ஏறி மூடி தெறிச்சு, சூடான காரத் தண்ணி முகத்துல அடிக்கும். அதே காரணம் தான், இந்தக் கரைசலைப் பண்ணி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி வைக்கக் கூடாது. எப்படியும் சில மணி நேரத்துல வீரியம் போயிடும். அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் கரைச்சுக்கோங்க.

இதை ஊற விட்டுட்டு, பவுடரைக் கரைக்கிறதைப் பத்திச் சொல்றேன். சாமான் மேல பவுடரைக் கொட்டி, அதுக்கு மேல தண்ணி தெளிச்சுத் தேய்க்கறது நிறையப் பேரோட பழக்கம். கண்ணாடிக்கு அது வேண்டாம். கரையாத குருணை தான் கீறல் போடும். பாத்திரத்துல முதல்ல தண்ணி, அப்புறம் பவுடர், தூசி கிளம்பாம மெதுவா. ஃப்ளாஸ்க் மாதிரி வாய் குறுகினதுக்கு மட்டும் பவுடரை முதல்ல போட்டுக்கலாம். எதுவா இருந்தாலும் மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கோங்க. என்சைம் கலந்த பவுடர்னா இன்னும் கவனம், அந்தத் தூசியைத் திரும்பத் திரும்ப சுவாசிச்சா அலர்ஜி வரலாம். காரப் பவுடர் கரைசல்ல கை விட்டா வழுவழுன்னு இருக்கும். பவுடர் மிருதுவா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. தோல்ல இருக்கற எண்ணெயையும் அது கழட்டிட்டு இருக்கு. க்ளவுஸ் போட்டுக்கோங்க.

கண்ணாடி கழுவறதைப் பத்தி நான் மதிக்கிறது லேப்ல வேலை செய்றவங்க சொல்றதைத் தான். அவங்களுக்கு ஒரு துளி அழுக்கு மிச்சம் இருந்தாலும் சோதனை முடிவே தப்பாப் போகும். ஒரு காலத்துல லேப்ல குரோமிக் அமிலத்துல கண்ணாடியை ஊற வைப்பாங்க. அதுல இருக்கற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கறதுன்னு தெரிஞ்ச பிறகு, நிறைய இடத்துல டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறிட்டாங்க. அந்தப் பவுடர்களை வழக்கமா 1 சதவீதம் கரைக்கச் சொல்வாங்க, அதாவது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 10 கிராம். பத்தே கிராம்! நம்ம வீட்டுல கை நிறைய அள்ளிப் போடறோம். அதிகம் போட்டா அதிகம் சுத்தமாகாது. அலசறதுக்குத் தான் அதிகத் தண்ணி செலவாகும், அலசாம விட்டதெல்லாம் காஞ்ச பிறகு மங்கலாத் தெரியும். நுரையைப் பார்த்தும் ஏமாறாதீங்க. சில லேப் பவுடர்ல நுரையே கம்மியாத் தான் வரும்.

சுத்தமாச்சான்னு பார்க்க லேப்ல ஒரு வழி இருக்கு. வீட்டுல அப்படியே பண்ணலாம். கழுவின டம்ளர்ல நல்ல தண்ணி ஊத்திக் கவுத்துங்க. இதோ, சோடாவுல கழுவின டம்ளரைக் கவுக்கறேன். தண்ணி ஒரே படலமா, கண்ணாடியோட ஒட்டி வழியுது, எங்கயும் உடையல. இப்ப இன்னொரு டம்ளர், சும்மா தண்ணில அலசினது. இந்த ஓரத்துல பாருங்க, தண்ணி முத்து முத்தா நிக்குது. அந்த இடத்துல எண்ணெய் இருக்கு. காஞ்சு இருக்கும்போது பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தான் பளபளக்கும், தண்ணி தான் காட்டிக் கொடுக்கும். முத்து நின்னா திரும்ப சோடா, திரும்ப அலசல். கடைசியா ஒரு தடவை காய்ச்சி வடிகட்டின தண்ணில, அதாவது டிஸ்டில்டு வாட்டர்ல, காட்டிட்டுக் கவுத்து வச்சா துடைக்காமலே புள்ளி இல்லாமக் காயும்.

இப்ப ஃப்ளாஸ்க்கைப் பார்க்கலாமா? கீழ ஊத்தறேன். தண்ணியோட நிறத்தைப் பாருங்க! உள்ள டார்ச் அடிக்கிறேன். வளையம் போயிடுச்சு. அடில லேசா ஒரு நிழல் இருக்கு, இன்னொரு தடவை ஊற வச்சா அதுவும் போகும். பிரஷ் தொடவே இல்ல. இதே முறை தான் பூ ஜாடிக்கும், குறுகின வாய் பாட்டிலுக்கும். ஒரு எச்சரிக்கை: ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கண்ணாடில உடனே சுடுதண்ணி ஊத்தாதீங்க. சாதாரணக் கண்ணாடி சூட்டுல வேகமா விரியும், உள்ளயும் வெளியயும் சூடு வித்தியாசம் இருந்தா விரிசல் விட்டுடும். போரோசிலிகேட் கண்ணாடி அதுல மூணுல ஒரு பங்கு தான் விரியும், அதனால தாங்கும். இருந்தாலும் பழக்கப்படுத்திட்டு ஊத்தறது நல்லது.

தேய்க்கிற பவுடர்னு சொன்னேன் இல்ல, அதைக் கொஞ்சம் சொல்லிடறேன். கடினத்தை அளக்கற மோஸ் அளவுல கண்ணாடி சுமாரா 5.5. பேக்கிங் சோடா 2.5 கிட்ட. அதனால பேக்கிங் சோடாவைக் குழைச்சுத் தேய்ச்சா கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சில பாத்திரப் பவுடர்ல சிலிக்கா மணல் இருக்கும், அது 7. அது கண்டிப்பா கீறும். ஒரு கீறல் விழுந்தா அடுத்த கறை அங்க தான் போய் உக்காரும்.

வீட்டுல மத்த சாமானுக்கு வருவோம். கெட்டில் அடில இருக்கற வெள்ளைப் பொருக்குக்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு ரெண்டு டேபிள் ஸ்பூன். ஆனா கொதிக்க விடாதீங்க. கொதிச்சா கால்சியம் சிட்ரேட்னு இன்னொரு உப்பா மாறித் திரும்பப் படியும். வெதுவெதுப்பாவே விட்டு, அரை மணி நேரம் கழிச்சு ஊத்துங்க. ஷவர் அடைச்சிருந்தா இதே கரைசலை ஒரு கவர்ல ஊத்திக் கட்டித் தொங்க விட்டாப் போதும். பளிங்குக் கல் மேல மட்டும் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. பளிங்கும் கால்சியம் கார்பனேட் தான், படிவைக் கரைக்கிறது கல்லையும் கரைக்கும்.

அலுமினியப் பாத்திரத்துல வாஷிங் சோடா, பெர்கார்பனேட் ரெண்டுமே வேண்டாம். காரம் அலுமினியத்தை அரிக்கும், கறுத்துப் போகும். பட்டுக்கும் கம்பளிக்கும் கூட இது ஆகாது. கறை பிடிச்ச பிளாஸ்டிக் டப்பா, வெள்ளைத் துணி, இதுக்கெல்லாம் பெர்கார்பனேட் அருமை.

இப்ப கொஞ்சம் கோபமாவே ஒண்ணு சொல்லணும். பேக்கிங் சோடா மேல வினிகர் ஊத்தி, பொங்கறதைக் காட்டி "சூப்பர் கிளீனர்"னு போடற வீடியோ எல்லாம் பார்த்திருப்பீங்க. காரமும் அமிலமும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். பொங்கறது கார்பன் டை ஆக்சைடு. கடைசில மிச்சம் இருக்கறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. ரெண்டும் நல்ல சாமான் தான், தனித்தனியா, ஒண்ணு முடிஞ்சு அலசின பிறகு இன்னொண்ணுன்னு பயன்படுத்துங்க.

அதுல நஷ்டம் மட்டும் தான். ப்ளீச்சிங் பவுடர் விஷயத்துல உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சிங் பவுடரோட சிட்ரிக் ஆசிட், வினிகர், டாய்லெட் கழுவற ஆசிட், எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே சேர்ந்தாலும் விஷ வாயு தான். கதவு மூடின சின்ன பாத்ரூம்ல இது நடந்தா மூச்சு முட்டிடும். தெரியாம கலந்து வாடை வந்தா, அதை சுத்தம் பண்ணிட்டு நிக்காதீங்க. உடனே வெளிய வந்துடுங்க, வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க. பெர்கார்பனேட்டையும் ப்ளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்க.

எல்லாப் பவுடரையும் காஞ்ச இடத்துல வைங்க, ஈர ஸ்பூன் போடாதீங்க. பெர்கார்பனேட்ல ஈரம் போனா டப்பாக்குள்ளயே வேலையை ஆரம்பிச்சிடும். அதுக்கு மூடி ரொம்ப இறுக்கமா இல்லாத டப்பா தான் சரி. வெள்ளையா இருக்கற எல்லாப் பவுடரும் பார்க்க ஒண்ணு தான், அதனால சமையல் டப்பாக்குப் பக்கத்துல வைக்கவே கூடாது. பேரை எழுதி ஒட்டி, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. உங்க வீட்டுல எந்தக் கறை போகாம இருக்குன்னு கீழ எழுதுங்க, என்ன சாமான், என்ன தண்ணின்னு சேர்த்து எழுதினா எது போடலாம்னு சொல்றேன். வரேன் மக்களே, வணக்கம்.