பாட்டன் நடக்காத தெரு

(பினாங்கு நடைப்பயணம் போய் வந்தவர்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கூடிய மாலை ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் இங்கிருந்து ரயிலேறி பட்டர்வொர்த் போய், பெரி பிடித்து, ஜார்ஜ்டவுனில் அரைநாள் நடந்தோம். வராதவர்களுக்கு விவரம் சொல்லச் சொல்லித் தலைவர் கேட்டார். வந்தவர்களிடம் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

பெரியில் நான் என்ன சொன்னேன்? "நம்ம பாட்டன் பூட்டன் நடந்த தெருவிலே நடக்கப் போறோம்" என்று முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது பாதிதான் உண்மை. பாதிகூட இல்லை.

அந்த ஊரில் தமிழன் சுவடு இல்லாமல் இல்லை. கால் வைக்கிற இடமெல்லாம் இருக்கிறது. 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய கதையைக் கோட்டை வாசலில் எல்லா வழிகாட்டியும் சொல்வார், அதை விடுங்கள். பக்கத்திலிருக்கும் மணிக்கூண்டை மட்டும் கொஞ்சம் பாருங்கள். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருடமானதற்காக 60 அடி உயரத்தில் ஒரு சீன முதலாளி கட்டிக் கொடுத்தது. இப்போது லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஜப்பான்காரன் போட்ட குண்டின் வேலை என்கிறார்கள்.

அப்புறம் சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு. அங்கேயே நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா உண்டு. நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம். கப்பலேறுமுன் நேர்ந்துகொண்டவர், கரை சேர்ந்த இடத்திலும் அதே பெயரைச் சொல்லி நன்றி சொல்லியிருக்கிறார்.

வழக்கமான சுற்றுலாவில் ஒரு வேடிக்கை. பழைய பிட் தெருவில் 1818இல் கட்டிய ஆங்கிலேயர் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போவார்கள். நம் மகாமாரியம்மன் கோயிலும் கணக்கில் உண்டு, ஆனால் முதுகுப் பக்கமாக. 1833இல் எழும்பிய அந்தக் கோயிலின் கோபுரம் குயின் தெருவைப் பார்த்து நிற்கிறது. முன்பு ஒருமுறை நான் போன குழுவில் வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு மட்டும் இருபது நிமிடம் வரிசையில் நிற்கவைத்தார்! அழகான ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 2012இல் வரைந்தது. வெயிலேறுவதற்குள் அம்மன் வாசலுக்குப் போயிருக்கலாம். பத்து மணிக்கு மேல் அந்த ஊரில் கடை முகப்பில் ஓடும் அஞ்சடி நடைபாதையின் நிழல்தான் கதி.

கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் மார்க்கெட் தெரு, செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்குத் தெரு, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு, எல்லாம் சுற்றினோம். மிளகாய்த்தூள் வாசத்தில் பாதிப் பேர் காணாமல் போய்விட்டீர்கள். சரி, அது வேறு கதை.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். இந்தத் தெருக்களில் நடந்தவர் வணிகர், வட்டிக்கடைக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்ட வந்த நம் ஆட்கள்? நாகப்பட்டினத்திலோ மதராஸிலோ ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். பலர் வாயில் இன்னும் இருக்கிற ரஜுலா கப்பல் 1926இல் கட்டியது. அதற்கு முன்னும் எத்தனையோ கப்பல்கள். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்த பிறகும் தோட்ட மேஸ்திரிகளான கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை அந்த வரத்து நிற்கவில்லை. பினாங்குக்கு வந்த கூலிக் கப்பல் ஆட்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜாக் தீவில் இறக்கி அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து விட்டதும் தோட்டம். 1903இலேயே பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் வந்துவிட்டது. கங்காணியோ கிராணி என்ற தோட்டக் கணக்கரோ தலையை எண்ணி ரயிலேற்றினால் அடுத்து லயம் என்ற வரிசை வீடுதான், விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம்தான். இவர்களில் எத்தனை பேர் கடைத்தெருவில் நின்று வெற்றிலை வாங்கியிருப்பார்கள்?

அதனால்தான் சாயங்காலம் பஸ்ஸைப் பாயான் லெப்பாஸ் பக்கம் திருப்பச் சொன்னேன். ஷாப்பிங் போகிறோம் என்று சிலர் சந்தோஷப்பட்டீர்கள். பேரங்காடிக்கு எதிரே கடல், கடலுக்கு நடுவே காடு மூடிய மேடு. அதுதான் ஜெரஜாக். விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆயா சாகிற வரைக்கும் சொல்லுச்சு சார், கப்பலை விட்டு எறக்கித் தீவுல போட்டாங்கன்னு. புத்தி தடுமாறிப் பேசுதுன்னு நாங்க சிரிச்சோம்."

அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பஸ் கிளம்ப அரை மணி தாமதமானதற்கு ஓட்டுநர் என்னைத்தான் திட்டினார்.

அடுத்த முறை நடையைத் திருப்பிப் போடப் போகிறேன். காலையில் முதலில் ஜெரஜாக் கரை, அதன் பிறகே கடைத்தெரு. வருகிறவர்கள் இன்றைக்கே பெயர் கொடுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டு வாருங்கள். வீட்டில் பழைய கப்பல் சீட்டோ குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தந்த சிவப்பு அடையாளக் கார்டோ கிடந்தால் நகலெடுத்துக் கொண்டு வாருங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.