3,000 ரெக்கார்டு, 3 லட்சம் ரூபாய்: மொத்தமாக வாங்கலாமா?

[திரையில்: பழைய வீட்டு மர அலமாரி. கேமரா இடமிருந்து வலமாக நகர்கிறது. வரிசை வரிசையாக எல்.பி. உறைகளின் முதுகு.]

வணக்கம். போன மாதம் ஒரு போன் வந்தது. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீடு. "மாமா சேத்து வச்ச ரெக்கார்டு சார். மூவாயிரம் தேறும். தட்டுக்கு நூறு ரூபா போட்டு மொத்தமா எடுத்துக்குங்க." ஆக 3 லட்சம். கேட்டவுடனே எனக்குக் கை பரபரத்தது. நல்ல எல்.பி. (பெரிய இசைத்தட்டு) ஒன்றை 100 ரூபாய்க்கு இன்று யார் தருகிறார்கள்?

அந்த 100 ரூபாய்தான் ஆளைக் கவிழ்க்கும். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: தராசில் பத்து எல்.பி.கள்.]

முதலில் எடை. உறையோடு சேர்த்து ஒரு எல்.பி. ஏறக்குறைய கால் கிலோ. 3,000 என்றால் முக்கால் டன். ஒரு குட்டி யானை வண்டிக்கு அது முழு லோடு. வந்து இறங்கிய பிறகு எங்கே வைப்பது? ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை நெளியும். புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். தட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்று பார்த்தாலும் பத்து மீட்டர் நீளத்துக்குப் பலகை வேண்டும். மாடியில் வைப்பதானால் அறை நடுவில் வேண்டாம், சுவரை ஒட்டி வையுங்கள். வெயில் படும் ஜன்னல் ஓரமும் கூடாது. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்ட தட்டு அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

சரி, இடம் இருக்கிறது, வீட்டில் அனுமதியும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். (இரண்டாவதுதான் கஷ்டம்.)

போனில் நான் கேட்கும் முதல் கேள்வி "என்னென்ன பாட்டு இருக்கிறது?" என்பது அல்ல. "இதைச் சேர்த்தவர் என்ன வேலை பார்த்தார்?" என்றுதான் கேட்பேன். ஒரே பாட்டின் ஒரே தட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக இருக்கும். சபா கச்சேரிக்குத் தவறாமல் போன ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியைத் துடைத்து, தட்டை ஓரத்தில் பிடித்துப் போட்டிருப்பார். மைக் செட் கடையில் இருந்த தட்டின் கதை வேறு. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில், தை மாதம் முழுக்கக் கல்யாணம், விடிகாலை நாலரை மணிக்குக் கூம்பு ஸ்பீக்கர். பழைய கிராமபோனில் ஒரு பக்கம் பாடி முடித்ததும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும் என்பது விதி. திருவிழா நெரிசலில் யார் மாற்றினார்கள்? தேய்ந்த ஊசி, பாட்டு பதிந்திருக்கும் குழியைக் கிழித்துக்கொண்டே போயிருக்கும். கறுப்பாகப் பளபளக்க வேண்டிய தட்டு சாம்பல் பூத்து நிற்கும். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

மயிலாடுதுறை மாமா இரண்டும் கலந்தவர். கச்சேரிப் பிரியர். கூடவே, மைக் செட் வைத்திருந்த நண்பர் தொழிலை விட்டபோது அவருடைய சரக்கையும் வாங்கி அதே அலமாரியில் செருகிவிட்டார்.

[திரையில்: மூன்று தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில். 78, ஈ.பி., எல்.பி.]

தட்டுகளில் மூன்று வகை. கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல உடைவது 78; நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவதால் அந்தப் பெயர். அது எல்.பி. போல வினைல் பிளாஸ்டிக் கிடையாது, அரக்கு. ஒரு பக்கம் மூன்றரை நிமிடம்போல ஓடும். சின்னதாக ஏழு அங்குலத்தில் இருப்பது ஈ.பி. சினிமாப் பாட்டு நான்கு இருக்கும். பன்னிரண்டு அங்குலத்தில் இருப்பது எல்.பி. மூன்றையும் ஒரே ஊசியில் போடாதீர்கள். 78இன் குழி அகலம், அதற்கான ஊசி எல்.பி. ஊசியைப் போல மூன்று நான்கு மடங்கு தடிமன். இன்னொன்று: இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஸ்பிரிட் ஊற்றி 78ஐத் துடைக்காதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும். தட்டையே துடைத்து எடுத்துவிடுவீர்கள்.

நேரில் போனால் வீட்டுக்காரர் மேலே எடுத்து வைத்திருக்கும் இருபது தட்டுகளைப் பார்த்து மயங்கக்கூடாது. அது மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டும் தட்டு. நான் ஐம்பதுக்கு ஒன்று என்று எண்ணி உருவுவேன். 3,000க்கு 60. எது கையில் வருகிறதோ அது. செல்போன் டார்ச்சைத் தட்டின்மேல் சாய்வாக அடித்தால் கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். கண் மட்டத்தில் ஓரமாகப் பிடித்தால் நெளிவு தெரியும். 78ஐ விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். நல்லதென்றால் கணீர் என்று ஒரு சத்தம், மயிரிழை விரிசல் இருந்தால் சொத்தை என்று காது சொல்லிவிடும். உறையை முகர்ந்தும் பாருங்கள். டெல்டா மாவட்டத்து மழைக்காலத்தைத் தாண்டி வந்த அட்டையில் பூஞ்சை இருக்கும், அது கழுவினால் பெரும்பாலும் போகும். கரையான் தின்ற அட்டை போனது போனதுதான்.

என் 60இல் வந்த கணக்கு இது. 33 தட்டுகள் தேய்ந்தவை. 4 உறைகளில் தட்டே இல்லை, அல்லது வேறு தட்டு. 16 நன்றாக இருந்தன, ஆனால் ஊர் முழுக்கக் கிடைப்பவை. நான் ஆசைப்படக்கூடியவை வெறும் 7. அதே விகிதத்தில் போனால் 3,000க்கு 350. நான் 3 லட்சம் கொடுப்பது அந்த 350க்குத்தான். தட்டு ஒன்று 850 ரூபாயைத் தாண்டுகிறது. 100 ரூபாய் எங்கே போயிற்று?

அந்தப் பதினாறைப் பற்றி ஒரு வார்த்தை. 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடுகளில் அதில்தான் பொழுது விடிந்தது! அதனாலேயே அது அரிதானது இல்லை. எல்லோரும் நேசித்த தட்டு எல்லோரிடமும் இருக்கும். விலை பார்க்க, ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்துக்குப் போனால், விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். அங்கே தட்டின் நிலையைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு வேடிக்கை: 'குட்' என்றால் கிட்டத்தட்ட மோசம் என்று பொருள்.

அந்த ஏழு எவை? நாகஸ்வரம் 78கள் மூன்று. கர்நாடக சங்கீத வித்வான்கள் அரியக்குடி, செம்மங்குடி எல்.பி.கள், கீறலே இல்லாமல். அப்புறம் கிட்டப்பா. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்தார். பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைப்பதே இந்த அரக்குத் தட்டுகளில்தான். கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதை நான் விட மாட்டேன். அங்கே என் விதிகள் எதுவும் செல்லாது. இன்னொரு பக்கம், இந்தியாவில் 78 நீண்ட காலம் வந்துகொண்டிருந்ததால் பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே அரக்குத் தட்டில் வெளிவந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்குத் தவம் கிடக்கிறார்கள். மயிலாடுதுறையில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிடைக்கவும் இல்லை.

[திரையில்: வரைபடம். பிட்ஸ்பர்க்கிலிருந்து சாவ் பாவ்லோ வரை ஒரு கோடு.]

பெரிய சேகரிப்பை விற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு பால் மாவின்னி கதை போதும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர். லட்சக்கணக்கில் சேர்த்தார். 2008இல் ஈபே இணையதளத்தில் ஏலம் விட்டபோது 30,02,150 டாலருக்குப் போனது. ஆனால் அந்த ஏலக் கேட்பு உண்மையில்லை என்று தெரிந்து எல்லாம் நின்றுபோனது. கடைசியில் 2013இல் பிரேசிலைச் சேர்ந்த பேருந்து நிறுவன முதலாளி ஸீரோ ஃப்ரெய்டாஸ் வாங்கினார். ஏற்றிச் செல்ல எட்டு பெரிய லாரிகள் வந்தன. அவரிடம் பட்டியல் போட ஆட்கள் இருந்தார்கள், ஒரு நாளைக்கு சுமார் 500 தட்டு பதிவு செய்வார்கள்.

நம்மிடம் ஆள் யார்? நாம்தான். கழுவி, கேட்டு, தரம் எழுதி, படம் எடுக்க ஒரு தட்டுக்குப் பத்தே நிமிடம் என்றாலும் 3,000க்கு 500 மணி நேரம். தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 250 நாள். விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பளத்தையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

[திரையில்: மீண்டும் அந்த வீடு. திண்ணை. காப்பி டம்ளர்.]

நான் கேட்டேன்: எனக்கு வேண்டிய 350ஐப் பொறுக்கிக்கொள்கிறேன், தட்டுக்கு 400 ரூபாய் தருகிறேன். கணக்குப்படி எனக்கு நல்ல பேரம். உள்ளேயிருந்து வந்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லத நீ எடுத்துக்கிட்டா மிச்சத்த நான் என்னப்பா பண்றது? பழைய பேப்பர்காரன்கூடத் தொட மாட்டான். எடுத்தா எல்லாத்தையும் எடு."

அவர் சொன்னது நியாயம். அவருக்கு வேண்டியது காலியான அறை. பேரன் படிக்க மேசை போட வேண்டும். அதனால் நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். 3,000ஐயும் நானே ஏற்றிக்கொள்கிறேன், தேய்ந்தவற்றை அப்புறப்படுத்துவதும் என் பாடு, மொத்தமாக 1,30,000 ரூபாய். ஒரு தட்டுகூட அங்கே மிஞ்சாது. போன் செய்த பையன் முகம் சுருங்கியது. அத்தை மட்டும் அலமாரியையும் சேர்த்தா என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பன்னிரண்டு நாளாகிறது, போன் வரவில்லை. கூடத்துச் சுவரை மட்டும் நேற்று டேப் வைத்து அளந்தேன். பிரிட்ஜை நகர்த்தினால் கொள்ளும்.