உரசல் குறைந்த இடத்தில்தான் அடைப்பு வளர்கிறது

[காட்சி: வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை. மழை விட்ட நேரம். வடிகாலுக்குள் ஒரு செங்கல்.]

வணக்கம். இந்த வடிகாலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செங்கல்லுக்கும் சுவருக்கும் இடையில் தண்ணீர் பாய்ந்து போகிறது. அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. கல்லைத் தாண்டியதும் தண்ணீர் திரும்பிச் சுழல்கிறது. சேறும் இலையும் பொலித்தீனும் தங்கியிருப்பது அங்கேதான்.

[காட்சி: கழுத்து நாடியின் வரைபடம்.]

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயான நாடிக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான். இரத்தம் நாடிச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது; பிரஷர் பார்க்கும்போது அளப்பது இதைத்தான். ஓடும் போக்கில் அதே சுவரை உரசவும் செய்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 100 மில்லிமீட்டர் இரச அழுத்தம் என்பது ஏறக்குறைய 13,300 பஸ்கால் (அழுத்தத்தை அளக்கும் அலகு). உரசலோ, ஆரோக்கியமான நாடியில் 1 முதல் 7 பஸ்கால் வரைதான். மேசையில் கிடக்கும் ஒரு ஏ4 தாள் தன் எடையால் மேசையை அழுத்துவதே 0.8 பஸ்கால் அளவு!

அந்த மெல்லிய உரசலையும் சுவரின் உட்புறக் கலங்கள் உணர்கின்றன, அதுதான் எனக்கு இன்றும் வியப்பு. சீராக உரசினால் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு படுக்கின்றன. நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை விடுகின்றன, அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. உரசல் குறைந்தாலோ முன்னும் பின்னுமாக அலைந்தாலோ இந்தக் கலங்கள் தரும் காவல் குறைந்து, கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. பலமான உரசல்தான் சுவரைக் கெடுக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கொழுப்பு படிவது உரசல் குறைந்த இடங்களில் என்று 1969இல் லண்டனில் ஆய்வாளர் காரோவும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தின் வெளிச்சுவர் அப்படியோர் இடம்.

சரி, குழாய் ஏற்கெனவே குறுகிவிட்டால்?

[காட்சி: குறுகிய குழாய்க்குள் ஓட்டம்.]

விட்டம் பாதியானால், அதே அளவு இரத்தம் போக வேகம் 4 மடங்காக வேண்டும். உரசல் குறைந்தபட்சம் 8 மடங்காகும். இவ்வளவு பலமான உரசல், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளைத் தூண்டிவிடும். கொழுப்பின் மேல்மூடி கிழிந்திருந்தால் அங்கே இரத்தம் கட்டிபடும். அப்புறம், குறுகலைத் தாண்டியதும் செங்கல்லுக்குப் பின்னால் கண்ட அதே சுழல், அதே குறைந்த உரசல். அடைப்பு ஓட்டத்தின் போக்கிலேயே கீழே நீள்கிறது.

வைத்தியர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் 'உஸ்' சத்தம் இந்தக் குழப்பமான ஓட்டத்தினுடையது. மிகவும் குறுகிவிட்டால் ஓட்டமே குறைந்து சத்தமும் அடங்கிவிடும். சத்தம் இல்லையென்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். குறுகிய இடத்தில் வேகம் கூடும் என்பதால்தான், இரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் ரிப்போட்டில் இரத்தத்தின் வேகத்தை எழுதுகிறார்கள்.